எத்தனை ஷேர் வாங்குவது? விளக்குத்தூண் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

மதுரை விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் மொத்த வியாபாரம் பார்க்கிறேன். நூல், ஜிப், பட்டன், லைனிங் துணி, கேன்வாஸ், இப்படி. கடையில் கூட்டம் சேரக் காலை பதினோரு மணி ஆகிவிடும். சந்தை ஒன்பதே காலுக்கே திறந்துவிடுவதால் ஷேர் பார்ப்பது எனக்கு வசதியான பக்கத் தொழிலாக அமைந்துவிட்டது. இது தெரிந்தவர்கள் கடைக்கு வந்தால் பட்டன் விலை கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, எதை வாங்கலாம்?” இத்தனை வருடத்தில் “எத்தனை வாங்கலாம்?” என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

எதை என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. நான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரும் இல்லை. நான் வாங்குகிற ஷேர்களில் பாதிக்கு மேல் சின்ன நஷ்டத்தில்தான் முடிகின்றன. அப்படியும் வருடக் கடைசியில் கணக்கு லாபத்தில் நிற்கிறதென்றால், எத்தனை என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருப்பதுதான் காரணம். நான் செய்வது டெலிவரி எடுத்து இரண்டு மூன்று வாரம், சில சமயம் இரண்டு மாதம் வைத்திருந்து விற்பது. பத்து வருடத்துக்கு வாங்கிப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வதில் சில பகுதிகள் பொருந்தாது.

அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சிவகங்கை என்று லைனில் இருக்கிற ஒவ்வொரு கடைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு தொகை எழுதியிருக்கும். பாக்கி அதைத் தாண்டினால் சரக்கு போகாது. கடைக்காரர் சொந்தக்காரராக இருக்கலாம், இருபது வருடப் பழக்கமாக இருக்கலாம், தீபாவளி நேரமாகக்கூட இருக்கலாம், போகாதென்றால் போகாது. அவர் எவ்வளவு விற்பார், எவ்வளவு லாபம் கொடுப்பார் என்று பார்த்துப் போட்ட தொகை இல்லை அது. நாளைக்கே அவர் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் நாங்கள் எவ்வளவு தாங்குவோம் என்று பார்த்துப் போட்டது. அப்பாவின் கணக்கில் வராக்கடன் என்று வருடத்துக்கு இரண்டு மூன்று விழத்தான் செய்யும். அதற்காக மறுநாள் கடை திறக்காமல் இருந்ததில்லை. ஷேரில் இறங்கியபோது அந்தப் பேரேட்டைத்தான் நான் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

கணக்கு எளிது. முதலில் உங்கள் மொத்த முதல் எவ்வளவு என்று எழுதுங்கள். மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷேரில் தப்பாகப் போனால் அதில் எவ்வளவு இழக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். நான் வைத்திருப்பது மொத்த முதலில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். அடுத்து வாங்கும் விலை, அப்புறம் எந்த விலைக்குக் கீழே போனால் என் நினைப்பு தப்பு என்று ஒப்புக்கொண்டு வெளியே வருவேன் என்கிற விலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் 3,000-ஐ வகுத்தால் எத்தனை ஷேர் என்று வந்துவிடும்.

420 ரூபாய் ஷேர், 396-ல் வெளியே வருவேன் என்றால் வித்தியாசம் 24. மூவாயிரத்தை 24-ஆல் வகுத்தால் 125 ஷேர். போடுகிற பணம் 52,500. அதே 420 ரூபாய் விலையில் இன்னொரு ஷேர், ஆனால் தாறுமாறாக ஆடுகிற ரகம், வெளியேறும் விலையை 372-ல்தான் வைக்க முடியும் என்றால் வித்தியாசம் 48. அப்போது 62 ஷேர், சுமார் 26,000 ரூபாய். இரண்டிலும் தப்பானால் போவது அதே மூவாயிரம்தான். ஆட்டம் அதிகமான ஷேரில் பணம் குறைவாகவும், அமைதியான ஷேரில் அதிகமாகவும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதை முதல் தடவை செய்து பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். ஏனென்றால் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர். வேகமாக ஏறுகிற ஷேரில்தான் ஆசை வரும், அங்கேதான் பணம் அதிகமாகக் கொட்டப்படும்.

பெரும்பாலானோர் வரிசையையும் மாற்றித்தான் போடுகிறார்கள். கையில் ஒரு லட்சம் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் வாங்கு. அல்லது ரவுண்டாக 500 ஷேர். வாங்கிய பிறகு, “ஐயாயிரத்துக்கு மேல் நஷ்டம் தாங்காது” என்று அதற்கேற்ற இடத்தில் ஸ்டாப் லாஸ், அதாவது அந்த விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர், போடுவார்கள். அந்த விலைக்கும் அந்த ஷேரின் போக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஒரு நாளில் சராசரியாகப் பத்து ரூபாய் ஏறி இறங்குகிற ஷேருக்கு ஆறு ரூபாய் தள்ளி ஸ்டாப் லாஸ் வைத்தால், எந்தக் காரணமும் இல்லாமலே அது அடிபடும். அடிபட்ட மறுநாள் ஷேர் ஏறும். உடனே “ஸ்டாப் லாஸே வேஸ்ட்டுண்ணே, நம்ம ஸ்டாப் லாஸப் பாத்துட்டுத்தான் இறக்குறானுக” என்று ஒரு கதை பிறக்கும். நம் 62 ஷேரைப் பார்த்து மும்பையில் யாரும் விலையை இறக்கப்போவதில்லை.

வெளியேறும் விலையை நான் எப்படி வைக்கிறேன் என்றால், முந்தைய சில வாரங்களில் ஷேர் எந்த இடத்தில் இறங்கித் திரும்பியது என்று பார்ப்பேன். அதற்குச் சற்றுக் கீழே. கூடவே, ஒரு நாளின் சராசரி ஏற்ற இறக்கத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லா சார்ட்டிலும் ஏடிஆர் என்று ஓர் எண் கிடைக்கும், அதுதான் இந்தச் சராசரி. இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நுணுக்கம் பேசுகிறவர்கள் பலர் எத்தனை ஷேர் என்ற இடத்துக்கு வரும்போது குத்துமதிப்பாகப் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஒரு சதவீதம்? ஐந்து வைத்தால் என்ன? ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டுங்கள். எங்கேயாவது தொடர்ந்து ஆறு தடவை பூ விழுவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. நாணயத்தில் கோளாறு எதுவும் இல்லை, எண்ணிக்கை பெருகினால் அப்படித்தான். என்னைப் போலப் பத்தில் நான்கு மட்டும் ஜெயிக்கிற முறையில் போகிறவருக்கு, நூறு வர்த்தகத்துக்குள் தொடர்ந்து எட்டு தோல்வி வருவதற்குக் கிட்டத்தட்ட சரிபாதி வாய்ப்பு. எட்டு தோல்வி என்பது ஏதோ கெட்ட நேரம் இல்லை, வந்தே தீரும் விருந்தாளி என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த எட்டும் வரும்போது, ஒரு சதவீதம் வைத்தவருடைய மூன்று லட்சம் சுமார் 2,77,000 ஆகியிருக்கும். ஐந்து சதவீதம் வைத்தவரிடம் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. பத்து சதவீதம் வைத்தவரிடம் சுமார் 1,29,000. முதலாமவர் பழைய இடத்துக்குத் திரும்ப எட்டு சதவீதத்துச் சொச்சம் சம்பாதித்தால் போதும். மூன்றாமவர் 130 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். பத்து சதவீதம் போனால் திரும்ப 11 வேண்டும், இருபது போனால் 25, ஐம்பது போனால் நூறு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கடைக் கணினிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ ஜிஎஸ்டி விவரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எட்டு தோல்விக்குப் பிறகு பணத்தைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. ஒன்பதாவது வர்த்தகத்தை எடுக்கக் கை வராது. முறை சரியாக இருந்தாலும், ஜெயிக்க வேண்டிய ஒன்பதாவதை விட்டுவிடுவோம். ஒரு சதவீதத்தில் போகிறவருக்கு அந்தக் கை நடுக்கம் குறைவு. எனக்கு இதுதான் ஒரு சதவீதத்தின் உண்மையான பலன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். சந்தை திறக்கும் நேரத்தில் அவர் ஓய்வாகத் தொலைபேசியும் கையுமாக இருப்பார். மல்லி விலை கிலோ சில நூறிலிருந்து, மார்கழிப் பனியும் பொங்கலும் சேர்ந்தால் சில ஆயிரத்துக்குத் தாவுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். அதனால் விலை ஆட்டம் அவருக்குப் பயமே தராது. ஒரு தடவை இருவரும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே விலையில், ஒரே ஷேரை வாங்கினோம். காலாண்டு முடிவு மோசமாக வந்து ஷேர் இறங்கியது. நான் என் அளவுக்கு உள்ளதை இழந்து வெளியே வந்தேன். அவர் தன் மொத்த முதலில் பாதிக்கு மேல் அதில் போட்டிருந்தார். கேட்டால், “இப்ப வித்தா நஷ்டம் உறுதியாயிரும்ணே, வைச்சுப் பாப்போம்” என்றார். பூவை அன்றைக்கே விற்றுத் தீர்க்கிற மனுஷன் அந்த ஷேரை இன்றைக்கும் வைத்திருக்கிறார். எங்கள் இருவரின் ஷேர் தேர்வும் ஒன்று, தப்பும் ஒன்று. அளவுதான் வேறு.

அவரிடம் விற்கும் துணிச்சல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூவாயிரம் நஷ்டத்தில் விற்பது எனக்கு எளிது. ஒன்றரை லட்சம் நஷ்டத்தில் விற்க யாருக்குத்தான் மனசு வரும்? அளவு பெரிதானால் ஒழுக்கம் தானாகக் குறையும்.

சரி, ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் மூவாயிரத்தோடு நின்றுவிடுமா என்றால், நிற்காது. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்டாப் லாஸ் ஆர்டரில் ஆர்டரைக் கிளப்பிவிடும் தூண்டும் விலை ஒன்று, இதற்குக் கீழே விற்காதே என்கிற லிமிட் விலை ஒன்று என்று இரண்டு இருக்கும். 396-ல் தூண்டி 395-ல் விற்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஷேர் 398-லிருந்து நேராக 390-க்குத் தாவினால் ஆர்டர் தூண்டப்படும், ஆனால் 395 கொடுத்து வாங்க ஆள் இருக்காது. ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், ஷேர் கீழே போய்க்கொண்டிருக்கும். அதனால் நான் லிமிட் விலையைத் தூண்டும் விலையைவிட இரண்டு மூன்று சதவீதம் தாராளமாகக் கீழே வைப்பேன். இன்னொன்று, சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய சந்தையோடு காலாவதி. மறுநாள் மறுபடி போட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போன நாளில் மறந்துபோகும். ஜிடிடி என்கிற வகையில் போட்டால் நாட்கணக்கில் நிற்கும். அதுவும் தூண்டப்பட்ட பிறகு சாதாரண லிமிட் ஆர்டர்தான் என்பது நினைவிருக்கட்டும்.

திடீரென்று வருகிற பெரிய செய்திக்கு எந்த ஆர்டரையும் நம்ப முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் கணக்குப் புத்தகத்தில் மோசடி நடந்ததாகத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் ஷேர் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. 2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி யெஸ் வங்கியில் பணம் எடுக்க 50,000 ரூபாய் என்று வரம்பு போட்டது. அன்று 36.80-ல் முடிந்திருந்த ஷேர் மறுநாள் 5.55 வரை போய் 16.20-ல் முடிந்தது. அதற்கப்புறம் வந்த மறுசீரமைப்புத் திட்டத்தில், 100 ஷேருக்குக் குறையாமல் வைத்திருந்தவர்களுக்கு முக்கால் பங்கு மூன்று வருடத்துக்கு விற்க முடியாதபடி முடக்கப்பட்டது. விற்க நினைத்தாலும் வழி இல்லை. இப்படி ஒரு நாள் வரலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அதனால் எனக்கு இரண்டாவது வரம்பு ஒன்று உண்டு. ஒரு சதவீதக் கணக்கு என்ன சொன்னாலும், ஒரே ஷேரில் மொத்த முதலில் இருபது சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. 420 ரூபாய் ஷேருக்கு 12 ரூபாய் மட்டும் தள்ளி வெளியேறும் விலை என்றால், கணக்கு 250 ஷேர் வாங்கச் சொல்லும். அது 1,05,000 ரூபாய், மொத்த முதலில் 35 சதவீதம். இங்கே இரண்டாவது வரம்பு குறுக்கே வந்து 142 ஷேரோடு நிறுத்திவிடும். நெருக்கமான ஸ்டாப் லாஸ் வைத்து அளவைப் பெருக்குகிற தந்திரம் சிலரிடம் உண்டு. காகிதத்தில் ஆபத்து குறைவாகத் தெரியும். யெஸ் வங்கி மாதிரி ஒரு நாளில் 56 சதவீதம் விழுந்தால், இருபது சதவீதம் போட்டவருக்கு மொத்த முதலில் சுமார் 11 சதவீதம் போகும். வலிக்கும், ஆனால் கடை திறக்கலாம். எல்லாவற்றையும் அதில் போட்டவருக்குப் பாதிக்கு மேல் போய்விடும்.

சின்ன நிறுவன ஷேர்களுக்கு இதைவிடக் கடுமையான வரம்பு. அவற்றில் பலவற்றுக்கு ஒரு நாளில் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று சர்க்யூட், அதாவது அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாத வரம்பு, இருக்கும். லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்க வரிசை நிற்கும், வாங்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். தொடர்ந்து நாலைந்து நாள் இப்படியே பூட்டிக்கொண்டு இறங்கும்போது ஸ்டாப் லாஸ் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. தினம் சராசரியாக எத்தனை ஷேர் கைமாறுகிறது என்று பார்த்து, அதில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாமல் வாங்குவேன். மொத்த முதலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் அப்படி ஒரு ஷேரில் கிடையாது. டெலிகிராமில் வருகிற டிப்ஸ் முக்கால்வாசி இந்த ரக ஷேர்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தேதி தெரிந்த ஆபத்து வேறு. 2024 ஜூன் 1 மாலை நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக் கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமை, 3-ம் தேதி, ஐம்பது பெரிய நிறுவன ஷேர்களின் குறியீடான நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் துள்ளியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. திங்கட்கிழமை மதியமே நான் கையிருப்பில் பாதியை விற்றுவிட்டேன். யார் ஜெயிப்பார் என்று எனக்கு ஒரு கருத்தும் இல்லை. ஒரே நாளில் எந்தப் பக்கமும் ஐந்து சதவீதம் ஓடலாம் என்றால் என் வழக்கமான அளவு அந்த நாளுக்குப் பெரிது, அவ்வளவுதான். 4-ம் தேதி நிஃப்டி கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது. அரசுத் துறை ஷேர்கள் பல பத்து சதவீதத்துக்கும் மேல். மீதி வைத்திருந்தவற்றில் சில, நான் வைத்த விலைக்குக் கீழேதான் விற்றன. ஆனாலும் மொத்தத்தில் தாங்கக்கூடிய நஷ்டம். பட்ஜெட், ரிசர்வ் வங்கிக் கூட்டம், வைத்திருக்கும் நிறுவனத்தின் காலாண்டு முடிவு, இந்த மூன்றுக்கும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொள்கிறேன். அந்த நாளுக்கு முன் அளவைப் பாதியாக்குவது வழக்கம்.

அந்த ஜூன் மாதச் சரிவு இன்னொன்றையும் காட்டியது. தனித்தனியாக ஒரு சதவீதம் என்று ஐந்து ஷேர் வைத்திருக்கலாம். ஐந்தும் வங்கி என்றால் அது ஐந்து சதவீதம் வைத்த ஒரே ஷேர்தான். சரிவு நாளில் எல்லாம் கைகோத்துக்கொண்டு இறங்கும். ஆகவே ஒரே துறையில் இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஸ்டாப் லாஸ் அடித்தால் மொத்தமாக எவ்வளவு போகும் என்று கூட்டிப் பார்த்து, அது ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஷேர் நன்றாக ஏறி, அதன் ஸ்டாப் லாஸை வாங்கிய விலைக்கு மேலே நகர்த்திவிட்டால், கூட்டலில் அது பூஜ்யமாகிவிடும். அப்போது புதிதாக ஒன்றுக்கு இடம் கிடைக்கும். நல்ல சந்தையில் தானாகவே நிறைய ஷேர் கையில் இருக்கும், கெட்ட சந்தையில் தானாகவே பணமாக இருக்கும். சந்தை எப்படிப் போகும் என்று தனியாக ஆரூடம் பார்க்க வேண்டியதில்லை.

ஆவரேஜ் செய்வதைப் பற்றி இரண்டு வரி. இறங்க இறங்க வாங்குவது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். இரண்டு தவணையாக வாங்கப் போகிறேன் என்று முதலிலேயே எழுதி, இரண்டும் சேர்ந்து அந்த மூவாயிரத்துக்குள் அடங்கினால் தாராளமாகச் செய்யலாம். விலை இறங்கிய பிறகு பிறக்கிற ஆவரேஜ் யோசனைக்குத்தான் முடிவே இருக்காது.

கடன் வாங்கி அளவைப் பெருக்குவது பற்றியும் பேச வேண்டும். வாங்கிய அன்றே விற்கிற இன்ட்ராடேயில் ஒரு லட்சத்தை வைத்து அதிகபட்சம் ஐந்து லட்சத்துக்கு வாங்கலாம் என்று 2021 செப்டம்பரிலிருந்து விதி. ஷேர் இரண்டு சதவீதம் எதிராகப் போனால் உங்கள் ஒரு லட்சத்தில் பத்தாயிரம் காலி. 2022-23 நிதியாண்டில் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாக செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர ஒப்பந்தங்களில், அதாவது எஃப் அண்ட் ஓவில், இன்னும் மோசம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்களுக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

அங்கே இவ்வளவு பேர் தோற்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். என் பார்வையில் பெரிய காரணம், அங்கே அளவை நாம் தீர்மானிக்க முடியாது என்பதுதான். லாட் கணக்கில், அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கை கொண்ட கட்டாகத்தான் கிடைக்கும். 2024 நவம்பரிலிருந்து புதிய இன்டெக்ஸ் ஒப்பந்தங்களுக்குக் குறைந்தபட்ச மதிப்பு பதினைந்து லட்சம். ஃப்யூச்சர்ஸ் ஒரு லாட் எடுத்து அது இரண்டு சதவீதம் எதிராகப் போனால் முப்பதாயிரம் ரூபாய். மூன்று லட்சம் முதல் வைத்திருப்பவருக்கு அது பத்து சதவீதம். ஒரு சதவீதக் கணக்குப்படி அவர் லாட்டில் பத்தில் ஒரு பங்கு வாங்க வேண்டும், அப்படி ஒன்று கிடையாது. ஆக, மூன்று லட்சக்காரர் அந்தக் கடைக்குள் நுழையும்போதே அளவு தவறி நுழைகிறார்.

நகைக்கடன் வைத்து ஷேர் வாங்குகிறவர்கள் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்கள். வட்டிக் கணக்கை விடுங்கள், கடனுக்கு ஒரு கெடு தேதி உண்டு, ஷேருக்குக் கிடையாது. மாதக் கடைசியில் நூல் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பத்து நாள் ஷேரில் சுற்றலாம் என்ற யோசனை எந்த வியாபாரிக்கும் வரும். அதற்காகவே கடைக் கணக்கு ஒரு வங்கியிலும், ஷேர் கணக்கு இன்னொரு வங்கியிலும் வைத்திருக்கிறேன். இரண்டாவதன் இருப்பு என் மனைவிக்குத் தெரியும். முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்குப் பணம் போனால் அவர் தொலைபேசிக்கும் குறுஞ்செய்தி போகும். பத்து ஸ்டாப் லாஸுக்குச் சமம் அந்தக் குறுஞ்செய்தி.

மாதத்துக்கு ஒரு நாள், ஒன்றாம் தேதி, மொத்த முதலை மறுபடி எழுதி ஒரு சதவீதத்தைப் புதிதாகக் கணக்கிடுகிறேன். தினம் செய்தால் லாப நாளில் கை நீளும். ஒரே மாதத்தில் மொத்த முதலில் ஆறு சதவீதம் குறைந்துவிட்டால் அந்த மாதம் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. அடுத்த மாதம் அரை சதவீதத்தில் தொடங்கி, இரண்டு மூன்று லாபம் பார்த்த பிறகு பழைய அளவுக்கு வருவது. தொடர்ந்து ஜெயிக்கிறபோதுதான் எனக்கு இந்தக் கட்டுப்பாடு அதிகம் தேவைப்படுகிறது. சித்திரைத் திருவிழா சமயம் கடையில் நல்ல வியாபாரம், சந்தையிலும் நல்ல ஏற்றம் என்றால் மனசு எதையும் வாங்கச் சொல்லும்.

குறிப்பேட்டில் ஒரு வர்த்தகத்துக்கு ஒரு வரி: தேதி, ஷேர், வாங்கிய விலை, வெளியேறும் விலை, எத்தனை, தப்பானால் எவ்வளவு போகும். வாங்கும் பொத்தானை அழுத்தும் முன் ஆறும் நிரம்பியிருக்க வேண்டும். விற்ற பிறகு நிஜமாக எவ்வளவு போனது அல்லது வந்தது என்பதை, நினைத்த நஷ்டத்தின் மடங்காக எழுதுவேன். மூவாயிரம் நினைத்து ஏழாயிரத்து ஐந்நூறு லாபம் என்றால் இரண்டரை. சராசரி லாபம் இரண்டுக்கு மேல் இருந்தால் பத்தில் நான்கு ஜெயித்தாலே கட்டுப்படியாகும். ரூபாயாக எழுதினால் பெரிய தொகைகள்தான் நினைவில் நிற்கும், மடங்காக எழுதினால் முறை வேலை செய்கிறதா என்று தெரியும்.

அக்கா மகன் கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இதையெல்லாம் கேட்டுவிட்டு, “மாமா, எங்கிட்ட இருக்குறதே இருபதாயிரம்தான். ஒரு சதவீதம்னா இருநூறு ரூபா. இத வச்சு என்ன பண்றது?” என்றான். நியாயமான கேள்வி. நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ஷேர் வாங்கி விற்றால் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம் வீதம் எட்டு ரூபாய், விற்கும்போது டிமேட் கணக்குக்கான டிபி கட்டணம் தனி, எல்லாம் சேர்த்து இருநூறில் இருபத்தைந்து முப்பது கட்டணத்துக்கே போய்விடும். லாபம் வந்தால் ஒரு வருடத்துக்குள் விற்றதற்கு 20 சதவீத வரி, 2024 ஜூலைக்கு முன் அது 15 ஆக இருந்தது. சின்ன முதலுக்கு இந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. அதற்காக அளவைப் பத்து சதவீதமாக உயர்த்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவனுக்குச் சொன்னது இதுதான். சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகை நிஃப்டியை அப்படியே பின்பற்றும் நிஃப்டி பீஸ் ஃபண்டில் போகட்டும், அதற்கு ஸ்டாப் லாஸும் வேண்டாம், தினம் பார்க்கவும் வேண்டாம். இருபதாயிரம் கற்றுக்கொள்கிற பணம். அதில் ஒரு ஷேரில் இழக்கலாம் என்பது இரண்டு சதவீதம், நானூறு ரூபாய், ஒரு நேரத்தில் இரண்டு ஷேருக்கு மேல் இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வாங்குவதும் இல்லை, கட்டணம் தின்றுவிடும். இப்போது வாரக் கடைசியில் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்புகிறான். போன வாரம் வந்ததில் எத்தனை என்ற கட்டம் காலியாக இருந்தது. கேட்டேன். “இன்னும் வாங்கல மாமா, ஸ்டாப் லாஸ் எங்க வைக்கிறதுன்னு தெரியல” என்றான். தெரியாவிட்டால் அந்த ஷேரை விட்டுவிட்டு அடுத்ததைப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.